கீழ்த்தளத்தில் என் பெயரிட்ட புள்ளி

இது நடந்தது. எனக்கே நடந்தது. எங்கள் வீட்டில் பொய் பேசும் பழக்கம் கிடையாது. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் ஒரே ஒரு சொல். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாகத் தீயணைப்பு வேலை. எங்களில் ஒருவர்கூட நெருப்புக்குள் நின்று உதவி கேட்டதில்லை. அந்தப் பெயரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தேன். நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது நிலையத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்தது. சீட்டுக்கட்டு அளவு. இடுப்பில் மாட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போனால், வெளியே வண்டியில் இருக்கும் திரையில் நம் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி நகரும். எந்தத் தளம், எந்த மூலை, எல்லாம் தெரியும். புகைக்குள் ஒருவர் விழுந்தால் தேடி அலைய வேண்டாம். நல்ல சாமான்தான். எனக்குத்தான் மாட்டுக்கு மணி கட்டுவது போல இருந்தது.

திரையைப் பார்க்கும் பொறுப்பு என் தங்கை மகளுக்கு. அவளும் எங்கள் நிலையத்தில்தான் வேலை.

அன்று பகல் 3.09க்கு அழைப்பு வந்தது. செருப்புக் கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தில் தீ. 3.16க்கு வாசலில் நின்றோம். நானும், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் இளைய வீரனும் உள்ளே போகத் தயாரானோம்.

"கருவி மாட்டியாச்சா மாமா?"

"வேலையில மாமா கிடையாது. ஐயா."

"சரிங்க மாமா ஐயா. மாட்டியாச்சா?"

நெட்டை முகமூடிக்குள் சிரித்தான்.

"மாட்டியாச்சு," என்றேன்.

மாட்டவில்லை. அது நிலையத்தில், என் அலமாரியில், அணைத்து வைத்தபடி கிடந்தது.

"திரை இன்னும் வரலை, சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க போங்க, வந்துடும்," என்றாள்.

படி இறங்கினால், உள்ளே பகல் இல்லை. ரப்பர் எரியும் கறுப்புப் புகை. வலது கையைச் சுவரில் வைத்துத் தடவியபடி நடந்தோம். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். 3.24க்குக் காவலாளி ஒருவர் நெட்டையின் காலில் தட்டுப்பட்டார். உயிர் இருந்தது.

"நீ தூக்கிட்டுப் போ. கடைசி மூலையைப் பாத்துட்டு வர்றேன்."

"தனியா வேணாம் ஐயா."

"எனக்கே சொல்லித் தர்றியா? போடா."

போனான். நான் கடைசி மூலையை அடைந்தேன். மணி 3.27. தலைக்கு மேலே ஏதோ முனகியது. அடுத்த நொடி, செருப்புப் பெட்டிகள் அடுக்கிய இரும்பு அலமாரி முழுதாகச் சரிந்து என் கால்கள்மேல் விழுந்தது. விளக்கு உடைந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. முதுகில் மாட்டிய உருளையில் பதினைந்து நிமிடக் காற்று.

குரல் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். புள்ளி அசையாமல் நின்றால் அவளே கண்டுபிடித்து ஆள் அனுப்புவாள்...

அப்புறம்தான் நினைவு வந்தது.

3.29. வயர்லெஸ் கரகரத்தது.

"திரை வந்துடுச்சு மாமா. நல்லா நடந்து வர்றீங்க. படிக்கு இன்னும் முப்பது அடி."

நான் நடக்கவில்லை.

"என்ன சொன்ன?"

"உங்க புள்ளிதான் தெரியுதே. நேரா வாங்க. நீங்க வெளிய வந்ததும் கீழ்த்தளம் முழுக்க நுரை அடிக்கப் போறாங்க."

அந்த நுரை தரையிலிருந்து கூரை வரை நிரப்பிவிடும். அதற்குள் கிடப்பவனை யாரும் பார்க்க முடியாது. அவன் குரலும் வெளியே வராது.

அப்போது கேட்டது.

டக்... டக்... டக்...

பூட்ஸ் காலடி. என்னிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது. கூடவே, சுவரில் கையுறை உரசும் ஓசை. சர்ர்... சர்ர்...

"இருபது அடி."

வயர்லெஸ் எல்லோருக்கும் கேட்கும். மேலதிகாரிக்கு, பக்கத்து நிலையத்து ஆட்களுக்கு, எல்லோருக்கும். வாயைத் திறந்தால் மூன்று தலைமுறைப் பெயர் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"பன்னெண்டு."

டக்... டக்...

"எட்டு. அவ்வளவுதான் மாமா. நுரையைத் திறக்கச் சொல்லட்டுமா?"

"திறக்காதே!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நான் கருவி மாட்டலை. பொய் சொன்னேன். கடைசி மூலையில அலமாரிக்கு அடியில கிடக்கேன். வந்து... வந்து தூக்குங்க."

3.32. வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"அப்போ... படிகிட்ட நிக்கிறது யாரு?"

காலடி நின்றது.

"மாமா... அது திரும்பிடுச்சு."

டக்... டக்...

"உங்க பக்கமா வருது."

சர்ர்...

"பத்தடி. மாமா, பேசுங்க!"

டக்...

"உங்க மேலயே நிக்குது மாமா..."

என் காதருகே இன்னொரு முகமூடியின் மூச்சு.

உஸ்... உஸ்...

என் மூச்சோடு ஒரே தாளத்தில்.

நான் மூச்சை அடக்கினேன்.

அது அடக்கவில்லை.

3.38க்கு நெட்டையும் இன்னும் இருவரும் வந்து என்னைத் தூக்கினார்கள். வழியில் வேறு யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். உள்ளே போனவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை, கூடவுமில்லை.

என்மேல் விசாரணை நடந்தது. என் பொய்யை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அதை நிலையம் முழுக்கக் கேட்க வாசித்தார்கள். அப்பாவின் படம் மாட்டிய அதே கூடத்தில், நிமிர்ந்து நின்று கேட்டேன். கறை என்னால் விழுந்தது. அதை மறைக்கமாட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, கருவி கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் அன்றைய பதிவைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அழைப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கிடங்குக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கிடங்கின் வரைபடம். என் பெயரிட்ட புள்ளி முதன்முதலில் தெரிந்த நேரம் 3.04. அப்போது எங்கள் வண்டி கொட்டகையில் நின்றது. தீ பற்றிய செய்தியே எங்களுக்கு வரவில்லை.

3.04 முதல் 3.27 வரை அந்தப் புள்ளி ஒரே இடத்தில் அசையாமல் இருந்திருக்கிறது. கடைசி மூலை. அலமாரி விழுந்த அதே இடம்.

நான் விழுந்த நிமிடத்தில்தான், அது எழுந்து படியை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கிறது.