வராத பதவிக்கு வைத்த பேனர்

கிறிஸ்துமஸ் லீவில் வந்த மறுநாள் காலை, பிரிகேடியர் தேவசகாயம் அணுபுரம் வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீடு அவருடைய மனைவி ஜாய்ஸின் பேரில் இருந்த குவார்ட்டர்ஸ். ஜாய்ஸ் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வருடத்துக்கு மேல் நாட்டின் எல்லைகளில் எல்லாம் குடியிருந்த மனிதர், சொந்த மாவட்டத்தில் மட்டும் பெண்டாட்டி வீட்டு விருந்தாளியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போனுக்கு அந்தப் படம் வந்தது. அனுப்பியவர் வடக்கே அவரோடு ஒரே தலைமையகத்தில் இருக்கும் ஒரு கர்னல். படத்தில் தேவசகாயமே நின்றுகொண்டிருந்தார், முழு உயரத்தில், சீருடையில், மார்பு நிறையப் பதக்கங்களோடு. இடது பக்கம் ஒரு கட்சித் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் இன்னொரு தலைவர் கையசைத்துக்கொண்டிருந்தார். கீழே சிவப்பு எழுத்தில், 'எங்கள் மண்ணின் மைந்தன் மேஜர் ஜெனரல் தேவசகாயம் அவர்களை வாழ்த்துகிறோம்.' அதற்கும் கீழே வட்டம் வட்டமாக முகங்கள். முதல் வட்டத்தில் அவருடைய அண்ணன் தாவீது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

'சார், இது உங்கள் பார்வைக்கு வந்ததா? இங்கே குரூப்பில் சுற்றுகிறது' என்று கர்னல் ஒரு வரி எழுதியிருந்தார்.

தேவசகாயம் காபியைக் கீழே வைத்தார். அவர் மேஜர் ஜெனரல் இல்லை. அந்தப் பதவிக்கான தேர்வுக் குழு டெல்லியில் கூடியிருந்தது, முடிவு வரவில்லை. ராணுவத்தில் ஒரு அதிகாரியை இந்தப் படிக்கு மூன்று முறை பரிசீலிப்பார்கள். இரண்டு முறை அவர் பெயர் தள்ளுபடியாகிவிட்டது. இது மூன்றாவது, கடைசி. இதுவும் தவறினால் இன்னும் இரண்டு வருடத்தில் பிரிகேடியராகவே ஓய்வு. இந்த நேரத்தில், முடிவு வருமுன்னே தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, பணியில் இருக்கும்போதே கட்சித் தலைவர்களுக்கு நடுவில் சீருடையோடு நிற்கிறார் என்று ஒரு படம். யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே இன்னொருவரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஜாய்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மாமாவுக்குக் கூலிங் கிளாஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, கார் சாவியை எடுத்துவரப் போனார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு ஏரி ததும்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டே, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே, அண்ணன் இருக்கும் சொந்த ஊருக்குப் போனார்கள். இந்தச் சாலையில்தான் அவர் ஹாஸ்டல் பையனாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார். அப்பா அம்மா இருவரும் அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்ததே பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரிக்காகத்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அங்கிருந்து பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சி. அங்கிருந்து வடநாட்டு வீரர்கள் நிறைந்த ஒரு காலாட்படைப் பட்டாளம். இந்தியில் ஒரு வாக்கியம் உருப்படியாகச் சொல்லத் தெரியாமல் போய்ச் சேர்ந்தவர், மெஸ் சமையற்காரரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டார். அதனால் வெகுநாள் அவருடைய இந்தியில் சமையற்கட்டு வாசனை அடித்தது. வீரர்களுக்கு அது பிடித்திருந்தது.

ஊருக்கு மட்டும் அவர் எப்போதுமே 'மிலிட்டரிக்காரர்'தான். லெப்டினன்ட் ஆனபோதும், கர்னல் ஆனபோதும், 'கேண்டீன் சரக்கு கொணாந்தியா?' என்பதே ஊரார் முதல் கேள்வி. அம்மா சந்திரம்மா கண்ணை மூடும்வரை அவருடைய பதவியின் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. தாவீது ஒருவர்தான் ஒவ்வொரு படியையும் வரிசையாகத் தெரிந்து வைத்திருந்தவர். மறைமலைநகர்க் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அத்தனை நட்சத்திரக் கணக்கையும் மனப்பாடம் செய்திருந்தார்.

மூன்று ரோடு கூடுகிற முக்கூட்டில், டீக்கடைக்கு எதிரே, சவுக்குக் கட்டைகளால் கட்டிய பிரேமில் பேனர் நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. தாவீது அதன் அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா, வா. மூஞ்சி நல்லா வந்துகீதா பாரு. கடைக்காரன் ஒன்ன கொஞ்சம் செவப்பாக்கிட்டான், கண்டுக்காத."

"கலர் பரவால்ல மாமா" என்றார் ஜாய்ஸ். "பதவிதான் கொஞ்சம் ஏறிப்போச்சு."

"வரப்போறதுதானேம்மா. தை பொறந்துட்டா இந்த பிரேம் கெடைக்காது. முகூர்த்தம் முச்சூடும் கல்யாண பேனருக்கு புக்காயிடும். இப்ப காலியா கெடந்துச்சு, போட்டுட்டேன்."

"கட்சித் தலைவருங்க எதுக்கு அண்ணா?" என்றார் தேவசகாயம்.

"பிரேமு கவுன்சிலர் சரவணகுமாருது. அவன் தலைவர் படம் இல்லாம அதுல ஈ கூட குந்த முடியாது."

"சர்வீஸ்ல இருக்கறவன் கட்சிக்காரங்களோட நிக்கக் கூடாது. படத்துல கூட."

"நீ எங்க நின்ன? நான்தான நிக்க வெச்சேன்."

தேவசகாயம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தெளிவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். இதை எடுத்தாக வேண்டும். இன்றைக்கே எடுத்தாக வேண்டும். தாவீது கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, "இன்னா, ஆர்டர் போடறியா? இங்க ஒன் சோல்ஜருங்க யாரும் இல்ல நைனா" என்றார்.

மூன்று பட்டாளங்களை நடத்தியவர் அண்ணனைச் சாப்பாட்டுக்குக் கிளப்பினார்.

காலனியில் இருந்த தாவீதின் வீட்டுக்குப் போனார்கள். ஜாய்ஸ் இருவருக்கும் சோறு போட்டார். சாப்பிடும்போதுதான் தேவசகாயம், யாரிடமும் விரிவாகச் சொல்லாத ஒன்றை அண்ணனிடம் சொன்னார். முதல் இரண்டு தடவை ஏன் தள்ளினார்கள் என்பதை.

கிழக்கு மலையில் பிரிகேடை நடத்திக்கொண்டிருந்தபோது, குளிர்காலத்தில் ஒரு பெரிய அதிகாரி முன்னணிக் காவல் நிலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குமுன் ஆட்களும் சாமான்களும் கணவாயைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். புதுப் பனி விழுந்திருந்தது. மறுநாளே வெயில் அடித்தது. அப்படிப்பட்ட நாளில் மலைச்சரிவில் பனி பிடிமானம் விட்டுவிடும். தேவசகாயம் வண்டிகளை நிறுத்திவிட்டார். மேலிருந்து போன் வந்தது, வண்டிகளை விடவில்லை. இரண்டாவது போன் வந்தது, அப்போதும் அனுப்பவில்லை. பார்வையிடல் தள்ளிப்போனது.

"பனி சரிஞ்சுதா?" என்றார் தாவீது.

"சரியல. ஒரு கல்லு கூட உருளல."

அதுதான் வினை. சரிந்திருந்தால் அவர் நூறு பேரைக் காப்பாற்றிய தளபதி. சரியவில்லை, ஆகவே அவர் பயந்தவர். 'தேவைக்கு மீறிய எச்சரிக்கை உடையவர்' என்று அந்த ஆண்டின் அறிக்கையில் ஏறிவிட்டது. அதற்கு முன்பு ஒரு பனிச்சரிவில் இறந்த இரண்டு வீரர்களின் சவப்பெட்டிகளோடு இரண்டு ஊர்களுக்குப் போய், இரண்டு தாய்மார் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவர் அவர். அதை அறிக்கையில் எழுத இடமில்லை.

"இந்த மூணாவது தடவை, அந்த ஒரு வரியைத் தாண்டிப் பார்ப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை இருந்துது, அண்ணா."

தாவீது தட்டில் கை கழுவினார்.

"சரி, எறக்கிடலாம்" என்றார்.

"இருட்டினப்புறம் ரெண்டு பசங்களை விட்டு அவுத்துடலாம். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நீ மிலிட்டரிக்குப் போயி ஊரையே மறந்துட்டடா." தாவீதின் குரலில் இப்போது கோபமில்லை. "காலைல வந்து பாத்து பேனர் இல்லன்னா, அவுத்தாங்கன்னு எவன் நெனைப்பான்? கிழிச்சாங்கன்னுதான் நெனைப்பான். இந்த முக்கூட்டுல நம்ம ஆளு மூஞ்சி இதுவரைக்கும் நின்னதில்ல. கல்யாணத்துக்குக் கூட நம்ம பேனரு காலனி வளைவுக்கு உள்ளதான். மொத மொறையா ஒண்ணு வெளிய நின்னுகினு கீது. அது ராத்திரியோட ராத்திரியா காணாப் போனா, நம்ம பசங்க யார்ரா கிழிச்சதுன்னு ஊருக்குள்ள போவானுங்க. அங்கேருந்து நாலு பேரு வருவான். அப்புறம் நீ டெல்லில குந்திகினு டிவில பாப்ப."

சத்தமில்லாமல் பின்வாங்குகிற படையைப் பற்றி என்னென்ன கதை கிளம்பும் என்று தேவசகாயத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பகலில் இறக்கினால் ஊரே போனைத் தூக்கிப் படம் எடுக்கும். ஒரு படத்துக்கே தலைமையகம்வரை கால் முளைத்துவிட்டது. பிரிகேடியரின் பேனரை இறக்கும் வீடியோ என்றால் கேட்கவே வேண்டாம். குழு கலையும்வரை இது யார் கண்ணிலும் படாமல் போவதுதான் அவருக்கிருந்த ஒரே வழி.

"போலீசை வெச்சு எடுத்தா?" என்றார் ஜாய்ஸ்.

"எடுத்தா, போலீசு காலனிக்காரன் பேனரை எடுத்துட்டான்னு ஆவும். வேற எவன் கை வெச்சாலும் அதே கததான்."

தேவசகாயம் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். "ஏணி இருக்கா?" என்றார்.

பிற்பகல் மூன்று மணி வெயிலில் இரண்டு பேரும் முக்கூட்டுக்குப் போனார்கள். தாவீது ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஐம்பத்துநாலு வயதுக் கால்களோடு தேவசகாயம் சவுக்குக் கட்டையில் ஏறினார். கட்டுக்கம்பியைத் திருகி அவிழ்க்க இடுக்கி வேண்டியிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். போன்கள் உயர்ந்தன.

"பதவி இன்னும் வரல. நான்தான் அவசரப்பட்டு தப்பா போட்டுட்டேன். நாங்களே எறக்கறோம்" என்று தாவீது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒருமுறை சொன்னது போதாதென்று, வந்து நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம் மறுபடியும் சொன்னார்.

டீக்கடை தாமோதரன் காலனிக்காரர் இல்லை, ஊர்ப்பக்கத்துக்காரர். கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், அதுக்கு நீங்களே ஏறணுமா? ஒரு ஆள விட்டா செய்யமாட்டானா?"

"என் மூஞ்சிதானங்க" என்றார் தேவசகாயம் மேலிருந்து.

தாமோதரன் சிரித்தார். பிறகு, பேனரின் இந்தப் பக்கம் சரிந்து ரோட்டில் விழப் போனபோது, எட்டிப் பிடித்துக்கொண்டார். தலைவர்கள் இருவரும் மடங்கிப் போனார்கள். தேவசகாயத்தின் தொப்பி கடைசியாக மடங்கியது. கவுன்சிலர் சரவணகுமார் பைக்கில் வந்து, "தலைவர் படத்த மிதிக்காம மடிங்க அண்ணாத்த" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலியான பிரேமைப் பார்த்துக்கொண்டே யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார்.

அவர்கள் அணுபுரம் போய்ச் சேருமுன்பே வீடியோ வந்துவிட்டது. இரண்டு கர்னல்கள், பயிற்சிக் காலத்து நண்பர் ஒருவர், முகம் தெரியாத ஒரு எண் என்று நாலு பேர் அனுப்பியிருந்தார்கள்.

அன்று மாலை தேவசகாயம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலில் நடந்தார். யாரும் கேட்குமுன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தன் மேலதிகாரியான ஜெனரலைக் கூப்பிட்டு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பேனரை வைத்தது அண்ணன், எனக்குத் தெரியாது, தெரிந்ததும் நானே இறக்கினேன், பகலில் இறக்கியதால் வீடியோ சுற்றுகிறது.



"பகலில் ஏன்?" என்று ஜெனரல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இரவில் இறக்கியிருந்தால் ஊரில் சண்டை வந்திருக்கும், சார்."

"வந்திருக்கும் என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது, சார். வரவில்லை, அவ்வளவுதான்."

ஜெனரல் பெருமூச்சு விட்டது அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "எழுத்தில் அனுப்பிவிடுங்கள்" என்றார். தேவசகாயம் அன்றே அனுப்பினார்.

பொங்கல் முடிந்து, அவர் வடக்கே திரும்பியபின் முடிவு வந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் சொல்வது வழக்கமில்லை, சொல்லவில்லை. முதலில் ஜாய்ஸுக்குச் சொன்னார். "சரி, ரெண்டு வருஷம் கழிச்சு குவார்ட்டர்ஸ்ல இன்னொரு ஆளுக்கு எடம் பண்ணணும்" என்றார் அவர். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அடுத்தது அண்ணன். அதற்குத்தான் தேவசகாயத்துக்கு நேரம் பிடித்தது.

"வரல, அண்ணா."

தாவீது எங்கோ வெளியில் இருந்தார். லாரிகள் போகிற சத்தம் கேட்டது. லாரிகள் போய் முடிந்தன.

"பேனராலயா?"

'இல்லை' என்று சொல்லிவிடலாம். குழு அநேகமாக அதற்கு முன்பே முடிவெடுத்திருக்கும். பழைய அறிக்கையின் அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அது உறுதியாகத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று மேலே சொல்வதும் இல்லை, கீழே சொல்வதும் இல்லை என்றே இத்தனை வருடமும் வேலை பார்த்திருந்தார்.

"தெரியல. இருக்காதுன்னு நினைக்கறேன்."

"இல்லன்னே சொல்லியிருக்கலாம்டா."

"சொல்லியிருக்கலாம்."

தாவீது லேசாகக் கனைத்தார். "செரி வுடு. தாமோதரன் நெதம் கேட்டுகினு கீறான். வேற எவனாவது சொல்றதுக்குள்ள நானே போயி சொல்லிட்றேன்."

அவர் இணைப்பைத் துண்டிக்க மறந்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலும். துணி உராயும் சத்தம், செருப்புச் சத்தம், பாய்லர் சீறும் சத்தம். தேவசகாயமும் துண்டிக்கவில்லை.

"ஒரு டீ போடு தாமோதரா. தம்பிக்கு அந்த போஸ்ட்டு வரலியாம்."

"அடப்பாவமே. அப்ப இப்ப இன்னாவா கீறாரு?"

"பிரிகேடியரு. அதுவும் சின்ன வேல இல்ல. மூவாயிரம் பேரை வெச்சுகினு இருந்தவன்." டம்ளர் வைக்கும் சத்தம். "சக்கரை கம்மியா போடு."

தேவசகாயம் டீ ஆற்றும் சத்தம் ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.