தங்கை தொடாத பொம்மை

நான் வேலை செய்யும் கொழும்புக் கலைக்கூடத்துக்கு இன்று ஒரு பொம்மை வந்தது. உலகத்தில் ஐம்பதே ஐம்பது செய்தார்களாம். பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்பதால் கையுறை போட்டுத்தான் தூக்கினேன். மூடி இடுக்கில் கசிந்த புதுப் பிளாஸ்டிக் மணம் என்னை நான் பிறந்த கடலோர ஊரான அரிப்புக்குக் கொண்டுபோனது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததற்கு ஒரு பொம்மை கிடைத்தது. பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். அம்மாவோடு கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கும் தங்கை ஜெசி ஓடிவருவாள்.

“அக்கா, ஒருக்காத் தொட்டுப் பாக்கிறன்.”

“போடி, உன்ர கை கருவாடு மணக்குது. நீயும் முதலாம் பிள்ளையா வந்து வாங்கு.”

“மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினனான். மணந்து பாரக்கா.”

நான் மணந்து பார்க்கவில்லை.

அந்த மாரியில் காய்ச்சல் வந்து ஜெசி செத்துப்போனாள். அம்மா அலுமாரியைத் திறந்து பொம்மைப் பெட்டியைக் கிழித்தார். சவப்பெட்டிக்குள் அவள் கையில் சுற்றியிருந்த செபமாலையைத் தளர்த்தி, பொம்மையை வைத்தார்.

“இனியாவது தொடட்டும்,” என்றார், என்னைப் பார்க்காமல்.

விறைத்த விரல்கள் அதைப் பிடிக்கவில்லை.