ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பவர்

சுழலும் விசிறியின் நடுக்குமிழில் சுட்டுவிரலை வைத்து நிறுத்துவார் தோன் சிபிரியானோ. மூன்று நொடி, அதற்கு மேல் இல்லை. சத்தம் அடங்கினால் குற்றவாளி அது. அடங்காவிட்டால் விரல் அடுத்ததற்குப் போகும். கணினியின் பின்புற விசிறி முதலில், பிராசசர் மேலுள்ளது இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டில் உள்ளது மூன்றாவது. நான்காவது, பவர் சப்ளைக்குள் கம்பி வலைக்குப் பின்னால் இருப்பதால் விரல் எட்டாது. அதற்கு, ஐஸ் தண்ணீரில் இலை ஊறவைத்த டெரெரே பானத்தை உறிஞ்சும் உலோகக் குழல்தான்: ஒரு முனை வலையில், மறுமுனை வலது காதில். குழல் இரண்டு வைத்திருக்கிறார். குடிக்கிற குழலில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். மனைவி லிதா சுற்றியது.

அசுன்சியோன் நகர நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் அவருடைய கணினி பழுதுபார்க்கும் கடை. அகலம் ஒன்றே முக்கால் மீட்டர். அவருக்கு வயது அறுபத்திரண்டு. இந்த ஊர்ச் செம்மண் தூசு எந்த விசிறியையும் இரண்டு கோடைக்கு மேல் விட்டுவைப்பதில்லை. கர்ரென்றால் தூசு, டிக்டிக் என்றால் இறக்கையில் ஒயர் உரசுகிறது, கீச்சென்றால் பேரிங் காய்ந்துவிட்டது. “கத்துறது ஒண்ணா இருக்கும், மாட்டிக்கிறது இன்னொண்ணா இருக்கும். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லப்படாது” என்பார், நீதிமன்றத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்து.

பிப்ரவரியிலிருந்து அவருடைய தீர்ப்பே தவறி வருகிறது. எந்தக் கணினியைத் திறந்தாலும் மெல்லிய ஒரு கீச்சு. இதுவரை பதினோரு விசிறிகளை மாற்றிவிட்டார். கழற்றியதில் ஒன்பது நல்லவை. மேசைக்கடியில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. “காது போச்சுன்னா கடை போச்சு, லிதா” என்று மனைவியிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், ஞா பெத்ரோனா, இந்த ஊர் மரியாதையில் பெத்ரோனாம்மா, வந்தாள். நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுப்பவள். அவளுடைய கணினி ஆறு நாளாக இங்கே திறந்து கிடக்கிறது. கேட்காமலே சிவப்பு நூல் குழலை எடுத்து இரண்டு வாய் உறிஞ்சினாள். ஓடிக்கொண்டிருந்த பெட்டியிடம் காதைக் கொண்டுபோனாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே, தோன் சிபி. பூனை தூங்குற மாதிரி இருக்கு.”

“இன்னும் இருக்கு. மெலிசா, கீச்சுனு.”

“ஆறு நாளா இதையேதான் சொல்றீங்க. ‘சிப்பா’ சீஸ் ரொட்டியில எலும்பு தேடுற ஆளு நீங்க. குடுங்க, நான் கெளம்பணும்.”

அவர் மறுபடி பெட்டியின் மேல் குனிந்தார். முதல் விசிறியை நிறுத்தினார். இரண்டாவதை. மூன்றாவதை. நான்காவதில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, தோள் தொங்க, பிளக்கைச் சுவரிலிருந்து உருவினார். இறக்கைகள் தளர்ந்து, தளர்ந்து, எல்லாம் நின்றன. பெத்ரோனா ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

சிபிரியானோ குனிந்தபடியே இருந்தார். கீச்சு இன்னும் கேட்டது. குழலை மேசைமேல் வைத்தார். அதே சுட்டுவிரலால் தன் வலது காதை அடைத்துக்கொண்டார். மூன்று நொடி. பிறகு விரல் இடது காதுக்குப் போனது.