பூஜ்யம் போட்ட ஊர்

பிரான்சில் நான் வேலை பார்க்கும் நகரத்தில் ஜன்னல்களுக்குக் கொசுவலை கிடையாது. கொசுவே கண்ணில் படாத அந்த ஊரில், பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கொசு பரப்பும் சிக்குன்குனியா அடுத்து எங்கே போகும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவிலும் நம் நாட்டிலும் அந்தக் காய்ச்சல் ஆட்களை முடக்கிப்போட்ட வருடம் அது.

ஒருநாள் காரைக்கால் பக்கத்துப் பட்டியல் வந்தது. தருமபுரத்தில் காய்ச்சல், போலகத்தில் காய்ச்சல். எங்கள் மீனவக் கிராமத்துக்கு நேரே மட்டும் பூஜ்யம். கடற்காற்று கொசுவை விரட்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றார் குழுத்தலைவி எலேன். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம் நிற்கும் ஊர் அது. ஊரில் இருக்கும் என் அக்கா செல்விக்குப் போன் செய்தேன்.

“இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. வெள்ளக்காரன் எதுக்குடா எங்க காய்ச்சல எண்ணுறான்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். ‘டா’ போட்டுக் கூப்பிட்டவர்களெல்லாம் என் கையில் நோட்டைப் பார்த்ததும் “சொல்லுங்க” என்றார்கள். காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். மறுநாள் காலை மீன்கூடையைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னாள் அக்கா. அவள் விரல்கள் மடங்கவில்லை.

“எத்தன நாளாக்கா?”

“ரெண்டு மாசம். தெருவே படுத்து எந்திரிச்சிச்சு. வெளிய தெரிஞ்சா எங்ககிட்ட எவ மீன் வாங்குவா? அதான் கேக்க வந்த நர்ஸம்மாகிட்ட யாரும் சொல்லல.”

“பேரு எழுத மாட்டேன்க்கா.”

“ஊரு பேரு?”

உள்ளே அவள் மகள் ஏழு மாதக் கர்ப்பம்; அவளுக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினாள். நான் எழுதினேன். அன்று மாலையே நர்ஸிடமும் போய்ச் சொன்னாள். தெருவுக்குப் புகைமருந்து அடித்தார்கள். அந்த வாரம் முழுக்க தருமபுரத்தில் அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் எலேனிடம் நோட்டைக் கொடுத்தேன். யார் சொன்னது என்றார்.

“மா சேர்,” என்றேன். என் அக்கா என்று பொருள்.

கன்னியாஸ்திரியையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எலேன் முகம் மலர்ந்தது. “எந்த மருத்துவமனையின் கன்னியாஸ்திரி?”

“கன்னியாஸ்திரி இல்லை. என்கூடப் பிறந்தவள். மீன் விற்கிறாள்.”

எலேன் நோட்டை மெதுவாக மூடினார். நீ அந்த ஊர்க்காரன், உன் வீட்டுக் கணக்கைச் சான்றாக எடுக்க முடியாது என்றார். பழைய பட்டியலையும் என்னால் ஏற்க முடியாது என்று நான் நின்றேன். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, ‘தகவல் இல்லை’ என்று போடச் சம்மதித்தார்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள் என்று சொல்ல அக்கா போன் செய்தபோது, “உன் கணக்குல ஊரு பேரு வந்துச்சா?” என்றாள்.

“இல்லக்கா.”

“சரி,” என்றாள். நிம்மதியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கட்டுரை அச்சாகி வந்தது. அதிலிருந்த வரைபடத்தில் காரைக்கால் கரையோரம் ‘தகவல் இல்லை’ என்று ஒரு சிறு சாம்பல் திட்டு. கட்டுரைத் தலைப்புக்குக் கீழே, எழுதியவர்கள் வரிசையில், என் பெயர்.