பேக்டரி சங்கின் சுருதி

எங்கள் குழுவில் மூன்றே பேர். அண்ணன் கிட்டார், தம்பி தப்பு, நான் பாட்டு. மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் சண்டை போட வெளியாள் தேவைப்படவில்லை. நாங்கள் வாசிப்பது 'நாட்டுப்புற ராக்' என்று அண்ணன்தான் சொல்லித் திரிந்தான். அம்மா ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ராக்கோ கீக்கோ, கங்காணி காதுல விழாமக் கத்துங்க" என்றாள்.

மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயம் இருந்தது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், வீட்டுக்கு ஒரு அறை. அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயம் என்ற சொல்லையும் அங்கிருந்தே கொண்டு வந்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள், பறிக்கும்போது பாடினாள். அந்தப் பாட்டுகளைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மேட்டு லயத்து மழையே – நீ
மெல்ல வந்தா ஆகாதா
கூட நெறயுமுன்னே – எங்
கொண்ட நனைஞ்சு போகுதே

இதை அம்மா இழுத்து இழுத்து, மேட்டில் ஏறும் மூச்சோடு பாடுவாள். அண்ணன் அதன் அடியில் கிட்டாரை ஓடவிட்டான். தம்பி தப்பை வெளுத்து வாங்கினான். முதல் தடவை மூன்றும் ஒன்று சேர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் அடி விழும், கேட்கவில்லை.

கிட்டார் குன்னூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அண்ணன் தானாகவே கற்றுக்கொண்டான். தந்திகளை எந்தச் சுருதிக்கு முறுக்குவது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. எங்கள் லயத்தில் ஒரு ஆர்மோனியம்கூடக் கிடையாது. ஆனால் பேக்டரியில் சங்கு இருந்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊதும். கீழிருந்து ஊளையிட்டு மேலே ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு இறங்கும். அந்த அசையாத கொஞ்ச நேரத்தில் அண்ணன் கிட்டாரில் காதை ஒட்டிவைத்து முதல் தந்தியை முறுக்கிவிடுவான். மற்ற தந்திகளை அதற்கு ஒப்பிட்டுச் சேர்ப்பான். மதியச் சங்கைத் தவறவிட்டால் சாயங்காலச் சங்கு வரைக்கும் பயிற்சி கிடையாது. தம்பி வெறுத்துப்போய்ப் பந்து விளையாடக் கிளம்பிவிடுவான்.

வெளியூர் நிகழ்ச்சி என்றால் காலைச் சங்குக்கே சுருதி சேர்த்து, குளிரில் அது கலையாமல் இருக்க அம்மாவின் பறிப்புக் கம்பளியில் கிட்டாரைச் சுற்றி எடுத்துப் போவோம். அன்றைக்கு அம்மா கம்பளி இல்லாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். எங்கள் கலைவாழ்க்கைக்கு முதலில் நனைந்தவள் அவள்தான்.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் தொடங்கினோம். பிறகு கட்டபெட்டில் ஒரு கல்யாணம், சோலூரில் ஒரு கோயில். ஊட்டியில் சீசன் சமயத்தில் ஒரு ஓட்டலில் பத்து நாள் வாசித்தோம். அங்கே வந்தவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். நாங்கள் அம்மாவின் பாட்டைப் பாடினால் முள்கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுப் பார்ப்பார்கள், பிறகு மறுபடியும் சாப்பிடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மட்டும் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார்கள். இறங்கி வந்தபோது அண்ணன் என் தலையில் குட்டி, "நாம பொழச்சுக்குவோம் புள்ள" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதற்குள் கொழுந்து விலை விழ ஆரம்பித்திருந்தது. சின்னத் தோட்டக்காரர்கள் பறிகூலிகூடக் கட்டாது என்று பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவு இருந்த செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள். அண்ணன் பேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் வேலை செய்தான். ஒருநாள் காலையில் பேக்டரிக் கேட்டைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். லயத்தில் வீட்டுக்கு ஒருத்தராகத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அன்றோடு சங்கும் நின்றது. நேரம் தெரியாமல் அடுப்பில் சோறு குழைந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டார்கள்.

அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சங்கு மாதிரி ஒரு தடவ ஊது, பாப்போம்."

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுருதியை எடுத்தேன். பிறந்ததிலிருந்து நாளைக்கு மூன்று தடவை கேட்டது, எங்கே போய்விடும்? அண்ணன் தந்தியை முறுக்கினான். தம்பி, "இனிமே எங்க அக்காதான் பேக்டரி" என்றான். அன்றிலிருந்து என் தொண்டையை வைத்துத்தான் எங்கள் குழுவுக்குச் சுருதி. எனக்குத் தலைக்கனம் ஏறியது என்று சொன்னால் அது குறைவு. நான் வாயைத் திறக்காமல் எதுவும் தொடங்காது என்பதே எனக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

கல்லூரி நிகழ்ச்சியைக் கேட்ட ஒருவர், கோயம்புத்தூரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தவர், எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நான்கு பாட்டைப் பதிவு செய்து கேசட்டாகப் போடலாம் என்றார். அது வெளியே வந்தால் கல்லூரிகளில் கூப்பிடுவார்கள், அண்ணன் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. வராவிட்டால் அடுத்த வாரம் அவனும் திருப்பூர்தான், பேசி வைத்தாகிவிட்டது. இது மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

கூடத்தில் கீபோர்டு வாசிக்க ஒருவர், புல்லாங்குழலுக்கு ஒருவர் இருந்தார்கள். நாங்கள் தொடங்கியதும் கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ எங்கள் சுருதி நிற்கிறது, அவருடைய பெட்டியில் அப்படி ஒரு இடமே கிடையாது.

"இது எந்த ஊருச் சுருதிங்க?" என்று கேட்டார்.

தம்பி, "பேக்டரி சங்குங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதிவுக்காரர் உள்ளங்கை அளவு கருவி ஒன்றைக் கொடுத்தார். அதில் முள் அசைவதைப் பார்த்து அண்ணன் எல்லாத் தந்தியையும் மாற்றிவிட்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் தடவை பழக்க தோஷத்தில் பழைய சுருதிக்கே போய்விட்டேன். இரண்டாவது தடவையே புதிய சுருதி எனக்குப் பிடிபட்டுவிட்டது. மயிரிழை கீழே, அவ்வளவுதான். இந்த இடத்தை நான் ஒளிக்கப் போவதில்லை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே விலகிப் பாடினேன். நான்காவது, ஐந்தாவது தடவையும் அப்படித்தான்.

"தொண்டைக்கு ஒத்து வரலைண்ணே" என்றேன். "கிட்டாரை முறுக்கலாம், தொண்டையை முறுக்க முடியாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். நான் ஆடத் தெரிந்தே கூடம் கோணல் என்றவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் வந்து, "உன் சுருதியை விட்டதுக்குக் கோவமா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் பாடியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் வரை பார்த்துவிட்டுப் பதிவுக்காரர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"பாப்பாவுக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது. நம்மகிட்ட நல்லாப் பாடற பொண்ணு ஒண்ணு இருக்குது. பாட்டு உங்களுது, குரல் மட்டும் அதுது. என்னங்க சொல்றீங்க?"

அண்ணன், "தங்கச்சி இல்லாம வேண்டாமுங்க" என்றான். யோசிக்கக்கூட இல்லை. கம்பளியை உதறிக் கிட்டாரைச் சுற்றினான். அப்போதாவது நான் எழுந்து போய், முடியும் என்று சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை. பொய் சொன்னவளுக்கு உண்மை சொல்வதைவிட நொண்டியாக இருப்பது சுலபம்.

அடுத்த வாரம் அண்ணன் திருப்பூர் போனான். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. தம்பி மஞ்சூரில் ஜீப் ஓட்டினான், தப்பைத் திருவிழாவுக்கு மட்டும் எடுத்தான். கிட்டாரை அண்ணன் திருப்பூரிலேயே யாரிடமோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். அந்த எஸ்டேட்டின் மதியச் சங்கு ஊதும்போதெல்லாம் கூடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். அம்மா சாகும்வரை, "அந்தக் கேசட்டு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது எடுபடலம்மா" என்று அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னான்.

பல வருஷம் கழித்து அண்ணன் பேத்தியின் காது குத்துக்குத் திருப்பூர் போயிருந்தேன். கறிச்சோறு பரிமாறி, என்னைத்தான் முதல் பந்தியில் உட்கார வைத்தான். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவன் முடி முழுக்க நரைத்திருந்தது, துணித் தூசி ஏறிய நெஞ்சோடு இருமினான். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு என்னால பாட முடிஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியுமே" என்றான்.

"எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"திரும்பி வர்றப்போ பர்லியாறு தாண்டி நீ ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்ட. தூக்கத்துல பாடிட்டு வந்த. பூராப் பாட்டும். அந்தப் பொட்டியோட சுருதில, நூல் பெசகாம."

"ஏண்ணே எழுப்பல? அப்பவே திரும்பிப் போயிருக்கலாம்."

"எழுப்பியிருந்தா பாட்ட நிறுத்தியிருப்பியே. அவ்வளவு நல்லா நீ பாடி நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல."

பஸ் வந்தது. ஜன்னல் வழியாகப் பலகாரப் பையை என் மடியில் வைத்து, "போனதும் போன் பண்ணு" என்றான். அவனுக்குத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் அவன் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறேன். மேட்டுப்பாளையம் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லைங்க, எல்லாரும் நல்லா இருக்கறாங்க என்றேன்.