உப்புப் போட்ட ஐஸ்கிரீம்

அவரை எல்லோரும் கூலிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கடையில் ஐஸ்கிரீம் பெட்டி மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் போகும். வந்தவுடன் ஸ்பேனரை எடுக்க மாட்டார். பெட்டியின் விலாவில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடி நிற்பார். கம்ப்ரஸர் மூச்சு வாங்குகிறதா, கேஸ் இறங்கிவிட்டதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இத்தனை வருடம் ஐஸ்கிரீம் பெட்டிகளோடு மாரடித்தும், உள்ளே இருப்பதை ஒரு கரண்டி வாயில் வைத்தவரில்லை.

பெட்டிகளோடு நன்றாகவே பேசுவார். "என்னடா, வயித்துக்கு முடியலையா?" என்றெல்லாம் விசாரிப்பார். மகளோடுதான் பேச வராது. மனைவி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவும் வெளியூரில் இருக்கும் மகளும் போனில் மணிக்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். போன் இவர் கைக்கு வருவதற்குள் விஷயம் எல்லாம் காலியாகியிருக்கும். மனைவி இறந்த பிறகு போன் இவர் கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். சரிப்பா, வைக்கட்டுமா. மேஜையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் மகள் போய்விடுவாள். இப்படியே சுருங்கிச் சுருங்கி ஒருநாள் கூப்பிடவே மறந்துவிடுவாளோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை பெரிய கடை ஒன்றில் வேலையை முடித்துக் கை கழுவும்போது, பில் போடும் பெண் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினாள். கேரமலில் கடல் உப்புப் போட்ட ஐஸ்கிரீமாம். வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வந்து அதைப் பற்றியே பேசுகிறார்களாம். அண்ணனுக்கு அந்தப் 'பேசுகிறார்கள்' மட்டும்தான் காதில் விழுந்தது. விலையைக் கேட்டதும் அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஆனாலும் வாங்கிவிட்டார்.

ஞாயிறு மதியம் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். முதலில் இனித்தது. அப்புறம் உப்புக் கரித்தது. யாரோ கைதவறிக் கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தார். பிறகு அடிநாக்கில் லேசான கசப்பு, அது போகிற போக்கில் மறுபடியும் இனிப்பு. அட, நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத் தலையைத் திருப்பினார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு, மகளிடம் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார்.

போன் வந்தது. வழக்கம்போல, சாப்பிட்டாரா என்று மகள் கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா. ஐஸ்கிரீம்கூட சாப்பிட்டேன். அதுல உப்பு போட்டிருக்காங்க, தெரியுமா? முதல்ல பார்த்தா..."

"ஐஸ்கிரீமா? சுகர வச்சுக்கிட்டு என்னப்பா பண்றீங்க?"

அவருக்குச் சுகர் கிடையாது. போடுகிற மாத்திரை ரத்தக்கொதிப்புக்கு. சுகர் இருந்தது மனைவிக்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் இனிப்புத் தின்ன மனம் வராமல், இவரும் சேர்ந்து விட்டுவிட்டார். இரண்டு பேரும் சர்க்கரை போடாத டீ குடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண், அப்பாவுக்கும் உண்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இல்லைம்மா என்று சொல்ல வாயெடுத்தார். மகள் விட்டால்தானே! தன் ஆபீஸில் ஒருவருக்குக் கால் போன கதையைச் சொன்னாள். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று குடைந்தாள். அசல் அம்மா மாதிரியே திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று குரல் உடைந்தது.

"அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா நான் யார்கிட்டப்பா பேசுவேன்?"

எனக்குச் சுகர் இல்லை என்பதை அண்ணன் சொல்லாமலே விட்டுவிட்டார். மேஜையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இனிமே தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"தொடமாட்டேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

இனி உங்களை நம்ப முடியாது, தினமும் கூப்பிட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சிங்க்கில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். விரலில் ஒட்டியதைக்கூட நக்கவில்லை, சோப்புப் போட்டுக் கழுவினார். இல்லாத நோயை இருப்பதாக ஒத்துக்கொண்டு மகளிடம் பொய் சொல்லியாயிற்று, சத்தியத்தையாவது காப்பாற்ற வேண்டாமா?