கண்டல் வெட்டியவளின் கவிதை

போன மாதம் பக்கத்து வீட்டில் சமையல் எரிவாயு தீர்ந்துபோனது. அந்த வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு கட்டு விறகு கொண்டுவந்து பின்வளவில் அடுப்பு மூட்டினார். மதிலைத் தாண்டிப் புகை வந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்டல் விறகு. களப்போரத்துச் சேற்றில், கடல் உள்ளே புகுந்த உப்புத் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரம் அது. வெட்டிக் காயப்போட்டாலும் உப்பு அதை விட்டுப் போகாது. எரியும்போது கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். மனைவி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் சாத்தவில்லை. அந்தப் புகைக்குள் எனக்கு ஒரு கவியரங்கத்தின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

புகைக்கும் கவியரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. நான் புத்தளம் நகரில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கலியாண அழைப்புக் காட்டுகளும் கடைத் துண்டுப்பிரசுரங்களும் அடிக்கிற சின்ன இடம். மையும் மண்ணெண்ணெய்யும் கலந்த மணம் சட்டையிலேயே ஊறியிருக்கும். அந்த நாளில் ஊரில் ஓர் இலக்கிய வட்டம் இருந்தது. என்னை அதற்குச் செயலாளராக்கினார்கள். அச்சகத்தில் வெட்டி எறிகிற தாள் சும்மா கிடைக்கும் என்பதுதான் காரணம். என் கவித்திறமை என்று நானாக நம்பிக்கொண்டேன். நிலாவைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். களப்பில் விழுந்து உடையும் நிலா, களப்பில் விழுந்து உடையாத நிலா. கச்சான் கடலை விற்கிறவருக்குப் பக்கத்தில் சீமெந்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததைத் தவிர, அந்தக் களப்போடு எனக்கு வேறு உறவு கிடையாது.

வட்டத்தின் தலைவர் நெய்னா மாஸ்டர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெள்ளைச் சாரம், அத்தர் மணம், ஒரு சந்தத்தைப் பிடித்து அவர் பாடத் தொடங்கினால் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுகிற சத்தம்கூட நிற்கும். களப்பு அவருடைய சொந்தச் சொத்து. அதில் நீந்தி, அதில் மீன் பிடித்து, அதன் கரையிலேயே வீடும் கட்டிக்கொண்டவர். அவருடைய பாட்டுகளில் களப்பு ஒரு மணப்பெண், கண்டல் அவளுடைய கூந்தல். அந்தக் கூந்தலில் யாராவது கை வைத்தால் மாஸ்டருக்கு இரத்தம் கொதிக்கும். யார் கை வைக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வந்தவங்க தான்," என்பார். "அடுப்புக்கு வெட்டியே முடிச்சிட்டாங்க."

வந்தவர்கள் என்றால், யுத்த காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த முஸ்லிம்கள். வந்த நாளில் எங்கள் ஊர் பள்ளிவாசலைத் திறந்துவிட்டது, சோறு சமைத்துப் போட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விருந்து வருடக்கணக்கில் நீண்டபோது எங்கள் முகம் மாறியது. கிணற்றடியில் சண்டை, பள்ளிக்கூடத்தில் சண்டை, கூலி வேலையில் சண்டை. "வாறியள், போறியள்" என்று அவர்கள் பேசுவதை எங்கள் பையன்கள் சந்தியில் நின்று நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். கரைத்தீவுப் பக்கம் தென்னங்கிடுகால் கொட்டில் போட்டிருந்த அவர்களுக்கு விறகு என்றால் களப்பில் நிற்கிற கண்டல்தான். வேறு எங்கே போவார்கள்? மற்ற மரங்களெல்லாம் யாருடையதோ வேலிக்குள் நின்றன.

அந்தக் கொட்டில்களில் ஒன்றில்தான் ஜெஸீமா ராத்தா இருந்தார். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. மன்னாருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம் அவருடையது. கணவர் உப்பளத்தில் கூலி. ராத்தா சட்டை தைப்பார், இடையில் கவிதை எழுதுவார். பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் அவருடைய கவிதைகள் வரத் தொடங்கியபோது எங்கள் வட்டம் மகிழ்ச்சி அடைந்தது என்று நினைக்காதீர்கள். "யாரு எழுதிக் குடுக்கிறாங்க?" என்பதுதான் வட்டத்தில் எழுந்த முதல் கேள்வி.

களப்பைப் பற்றி ஒரு கவியரங்கம் வைப்பது என்று முடிவானது. வந்தவர்களிலும் ஒருவர் மேடையில் இருந்தால் சபைக்கு அழகு என்று மாஸ்டரே ராத்தாவின் பெயரைச் சொன்னார். நான் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன். மறுநாள் அச்சகத்துக்கு அவரே வந்தார், கையில் தைத்து முடித்த சட்டைகள் நிறைந்த பை.

"தம்பி, என்னைக் கூப்பிட்டது கவிதைக்கா, இல்லாட்டி சபைக்குக் காட்டுறதுக்கா?"

"கவிதைக்குத்தான் ராத்தா."

"பாப்பம்," என்றார். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். செலவெல்லாம் ஒரு ஹாஜியாருடையது. களப்பின் அடுத்த கரையில் கண்டல் காட்டை பெக்கோ இயந்திரத்தால் வழித்தெடுத்து இறால் பண்ணை போட்டவர். முன்வரிசையில், மெத்தை வைத்த கதிரையில் இருந்தார். கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு, இறால் அடைத்துப் பொரித்த பற்றீஸ். அவருடைய பண்ணை இறால்தான். நல்ல ருசி, நானும் தின்றேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு ஐந்து திணை படிப்பித்தார்களே, ஞாபகமிருக்கிறதா? கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். போனவனை நினைத்து ஒருத்தி கரையில் நின்று ஏங்குவாள். பரீட்சைக்கு அப்படித்தான் எழுதினேன். எங்கள் கரையில் ஒருவரும் ஏங்கி நான் பார்த்ததில்லை. வலை கிழிந்தால் கடலை ஏசுவார்கள், தண்ணீர் வற்றினால் அடுத்த ஊர்க்காரனை ஏசுவார்கள். எங்கள் நெய்தலின் உரிப்பொருள் ஏச்சு. அன்றைக்கு அது மேடையேறியது.

மாஸ்டர் தலைமைக் கவிதையைத் தொடங்கினார்.

"கரையெல்லாம் கண்டலெனும் கருங்கூந்தல் கொண்டவளே,
கத்தியொடு வந்தவர்யார், கத்தரித்துப் போனவர்யார்?
விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுவளை பிடுங்குவதோ?
வீடுண்டே அவர்க்கென்று வெண்ணலையே சொல்லாயோ!"

மண்டபம் அதிர்ந்தது. ஒருமுறை, இன்னொருமுறை என்று கேட்டார்கள். அவரும் பாடினார். கரைத்தீவிலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கை தட்ட வந்தது, சந்தம் அவ்வளவு அழகு. வெறுப்புக்கு இப்படியும் ஓசை அமையுமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்து ஜெஸீமா ராத்தா எழும்பினார். அவருக்குப் பிறகு என் நிலாக் கவிதை. அது அன்று உதிக்கவே இல்லை. ராத்தா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு வளைத்தார். சந்தம் இல்லை, ராகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சொன்னார்.

"வெட்டினேன்.
ஈர மரம் என் கத்திக்குப் பணியவில்லை,
இரண்டு கையும் கொப்புளிக்க வெட்டினேன்.
என் பிள்ளை சோறு கேட்டாள்,
உங்கள் மணப்பெண்ணின் கூந்தலை எரித்துத்தான் ஊட்டினேன்.
தலைவரே,
ஓர் இழை இழுத்தவள் நான்.
தலையையே மொட்டையடித்தவர்
முன்வரிசையில் இருக்கிறார்.
அவருடைய இறாலைத்தான்
இப்போது எல்லாரும் மெல்லுகிறீர்கள்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. ஹாஜியார் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். நடுவிலிருந்து ஒருவன் கத்தினான்: "சண்டை முடிஞ்சிட்டு தானே! ஊருக்குப் போங்கடி!" பின்வரிசைக்காரர்களும் எழும்பினார்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரை பறந்து வந்து மேடைத் திரையில் மோதியது. யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ராத்தா இறங்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. மேடையோரத்தில் நின்ற எனக்கு மட்டும் கடைசி வரிகள் கேட்டன.

"என் ஊரிலும் ஒரு கடல் இருக்கிறது.
அது என்னை அடையாளம் காணுமோ, தெரியாது."

அடுத்த நாள் மாஸ்டர் அச்சகத்துக்கு வந்தார். நின்றபடியே கேட்டார்.

"சோறு போட்ட ஹாஜியார சபையில இழுக்கலாமா?"

"அவ சொன்னது பொய்யா மாஸ்டர்?"

"பொய்யா மெய்யான்னு நான் கேக்கல்ல. களப்பப் பத்திப் பாட அவளுக்கு என்னா உரிமை ஈக்குது? அவ அதுல நீந்தினவளா?"

நான் அடித்து முடித்த கலியாணக் காட்டுகளை எண்ணத் தொடங்கினேன். அந்தக் கேள்வியைத்தான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

கவிதை மண்டபத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அந்தக் கிழமை கரைத்தீவுப் பெண்கள் விறகுக்குப் போனபோது களப்போரத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் காத்து நின்றார்கள். கத்திகளைப் பறித்தார்கள். கட்டிவைத்த விறகைச் சேற்றுக்குள் தள்ளி மிதித்தார்கள். ஒருத்தி தடுக்கப் போய்க் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அவள் ராத்தாவின் சொந்த மச்சி, கணவரின் தங்கை. நான் பார்க்கப் போனபோது கையில் கட்டோடு கொட்டில் வாசலில் இருந்தாள், ராத்தாவைக் காட்டி என்னிடம் சொன்னாள்:

"இவ கவிதை சொன்னா, எங்கட அடுப்பு நூந்துபோச்சு. கேட்டுக் கைதட்டவா நாங்க இரிக்கிறம்?"

ராத்தா தையல் இயந்திரத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. ஊர் முழுக்கக் கூச்சல் போட்டபோது மேடையில் நின்ற பெண், இந்த ஒரு பேச்சுக்கு உடைந்துபோனதைப் பார்த்தேன். ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, துணிதான் நகரவில்லை.

அந்த வருடமே அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சாமான்களை லொறியில் ஏற்றும்போது நானும் நின்றேன். "இவ்வளவு காலமும் இஞ்ச மரவெட்டி," என்றார் ராத்தா. "அங்க போனாத் திரும்ப மனிசியாவன், தம்பி." மச்சி அந்த லொறியில் ஏறவில்லை.

பிறகு இறாலுக்கு ஏதோ நோய் வந்தது. தொட்டி தொட்டியாகச் செத்து மிதந்தன. ஹாஜியார் பண்ணையை அப்படியே போட்டுவிட்டுக் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டப் போனார். கண்டலும் இல்லாமல் இறாலும் இல்லாமல், உப்புப் பூத்த பள்ளங்கள் வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அதைப் பற்றி வட்டத்தில் ஒருவரும் ஒரு வெண்பாகூட எழுதவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு கலியாணத்துக்கு மன்னார் போனபோது ராத்தாவின் கிராமத்தைத் தேடிப் போனேன். கிராமம் எங்கே என்று பார்த்தால் காடு. ஆளில்லாத காலத்தில் மரங்கள் வளவுகளுக்குள் வந்து, வீட்டுச் சுவர்களைப் பிளந்து நின்றன. மனிதர்கள் திரும்பிவந்து அவற்றை வெட்டித் தங்கள் கிணறுகளைத் தேடியிருக்கிறார்கள். அதற்குள் வன அதிகாரிகள் அது காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். காட்டை அழிக்க வந்தவர்கள் என்று ரீவியில் பேசினார்கள், முகப்புத்தகத்தில் ஏசினார்கள். ராத்தா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, தலைநகரத்துக் கவிஞர் ஒருவர் எழுதிய கவிதையைக் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அதில் காடு ஒரு மணப்பெண். அவள் கூந்தலை யாரோ அறுக்கிறார்கள்.

"பாருங்க தம்பி, அதே கூந்தல்," என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "நெய்னா மாஸ்டர் ஏசினதுல எனக்கு இப்ப கோவமில்ல. அவர் அந்தத் தண்ணியில நீந்தின மனிசன். இந்த ஆள் எங்கட காட்டை ரீவியிலதான் பாத்திருக்கும்."

"பதில் எழுதினீங்களா ராத்தா?"

"ஓம், எழுதுறன். ஆருக்கு வாசிக்கிறது?"

ஊர் திரும்பியதும் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். மூப்பில் படுத்துவிட்டிருந்தார். ஜன்னல் களப்பைப் பார்த்திருந்தது. எதிரே மொட்டைக் கரை. ராத்தாவைக் கண்டதைச் சொன்னேன்.

"இன்னமும் எழுதுறாளா?"

"எழுதுறாங்க மாஸ்டர்."

தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். "என்னயப் பத்தியா?"

"இல்ல மாஸ்டர். அங்க வேற ஆக்களோட சண்டை."

அந்த முகம் வாடியதை நான் எப்படிச் சொல்வேன்! மறுபடி சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டார். "என்னயப் பத்தி எழுத இன்னும் எவ்வளவோ ஈக்குதே," என்றார்.

அடுத்த நோன்புக்கு அவர் இல்லை. வட்டம் அவரோடு போனது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. சுற்றாடல் தினம் வந்தால் விடுதிக்காரர்கள் பேருந்து வைத்து ஆட்களை அழைத்துப் போய்க் கண்டல் கன்று நடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், கவிதையும் வாசிக்கிறார்கள். தவறாமல் நானும் போய்க் கேட்கிறேன். யாரையும் யாரும் பெயர் சொல்லி ஏசுவதில்லை. களப்பைப் பற்றி இப்போது எல்லாரும் நல்லபடியாகத்தான் எழுதுகிறார்கள்.